படங்குக் கதவுக்குக் காவல்

மேடைக்குப் பின்னால் காவல் நிற்கிறவனுக்குப் பாட்டு காதில் விழும், பாடுகிறவர் கண்ணில் படமாட்டார். தேயிலைத் தோட்ட மலை ஊரான ஹட்டனில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையில் நான் வேலை செய்கிறேன். ஆள் கொஞ்சம் உயரம் என்பதால், கச்சேரி நடக்கும் இடமெல்லாம் கலைஞர்கள் அறைக்குப் போகும் வழியை மறிக்கிற வேலை என் தலையில் விழுந்துவிட்டது. அறை என்றால் பெரும்பாலும் நாலு கம்பும் சுற்றிக் கட்டிய படங்கு என்கிற தார்ப்பாயும்தான். ஆஸ்பத்திரி வாசல், வங்கி வாசல் என்று எங்காவது நின்று 'உள்ளே விட முடியாது' என்று சொல்லிப் பிழைக்கிற என் இனத்தாரே, இந்தப் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

சொந்தக்காரர்கள்

பாடகர் ஒருவர் மலை ஏறி வந்தால் போதும், அவருக்கே தெரியாத சித்தப்பாக்களும் மச்சான்களும் கதவருகே முளைத்துவிடுவார்கள். ஹட்டனில் ஒருவர் தன்னைப் பாடகரின் தாய்மாமன் என்றார். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் வந்தார், அவரும் தாய்மாமன். சரி, அண்ணன் தம்பியாக இருக்கும் என்று இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தேன். ஒருவரை ஒருவர் ஏற இறங்கப் பார்த்தார்கள். பிறகு முதலாமவர் என் காதருகே வந்து ரகசியமாகச் சொன்னார்: "தம்பி, இவர் யாருன்னே எனக்குத் தெரியாது. பொய் சொல்றாரு போல, பார்த்து விடுங்க."

டயகம புஷ்பம் அக்கா

நுவரெலியாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோட்டங்களுக்குக் கடைசி பஸ் நேரத்தோடு போய்விடும் என்பதால் எங்கள் பக்கத்தில் கச்சேரியைப் பகலிலேயே தொடங்கிவிடுவார்கள். அன்று கொழும்பிலிருந்து வந்தவர், பெண்பிள்ளைகள் போனில் விடாமல் பார்க்கிற ஒரு இளம் பாடகர். கூட்டம் நெருக்கித் தள்ளியது. புஷ்பம் அக்கா மட்டும் தள்ளவில்லை, சொந்தமும் கொண்டாடவில்லை. டயகம தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். எதற்காகப் பாடகரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். கேட்காவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

மகள் சுதா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். அக்கா வேண்டாம் என்று எவ்வளவோ மறித்திருக்கிறார், அவள் கேட்கவில்லை. பஸ் ஏறும்போது ஆத்திரத்தில், "போனா போ, இனி என் முகத்துல முழிக்காத" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் தாயோடு பேசுவதில்லை. சித்தியோடு பேசுவாள். சித்தியின் போனில் தாயின் குரல் கேட்டால் வைத்துவிடுவாள். ஆனால் இந்தப் பாடகர் என்றால் உயிர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் மகள் கேட்பாள் என்று அக்கா நம்பினார். மேனேஜரைக் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தரை விட்டால் ஊரே வரும் என்று கையை விரித்துவிட்டார். தலையைக் குனிந்துகொண்டு அக்கா பக்கம் திரும்பினேன். அவரே புரிந்துகொண்டார்: "பரவால்ல தம்பி, நீங்க ஏன் மூஞ்சியத் தொங்கப் போடுறீங்க? அடுத்த தடவ எங்க பாடுறாருன்னு மட்டும் சொல்லுங்க."

உள்ளே என்னதான் பேசுவார்கள்?

இன்னொரு கச்சேரியில், திம்புள்ளப் பக்கம் தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்துகிற டீச்சர் ஒருவர், அன்று வாசிக்க வந்த வயலின்காரரைப் பார்க்க முறையாக அனுமதி வாங்கி வந்திருந்தார். கேட்க வேண்டியதையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். நான் படங்கில் காதை வைத்தும் ஒன்றும் கேட்கவில்லை. என்ன பேசினீர்கள் என்று விடாமல் கேட்டேன். டீச்சர் வெட்கத்தோடு சொன்னார்: "அவரப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோச்சு தம்பி. 'குளிருதா?'ன்னு கேட்டேன், 'ஆமா'ன்னாரு."

நோர்வூட் வரிசை

டீச்சருக்கே இந்தக் கதி என்றால், புஷ்பம் அக்கா உள்ளே போனாலும் வாய் திறப்பாரா என்று எனக்குக் கவலை வந்துவிட்டது. அந்த இளம் பாடகர் அடுத்து நோர்வூட் மைதானத்துக்கு வந்தார். அக்காவும் வந்து கதவுக்கு நேராக நின்றார். அவருக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர். கொழுந்து நிறுக்க நின்று பழகிய கால்கள், முன்னால் ஒருத்தி நின்றால் அது வரிசைதான். எதற்கு வரிசை என்று பாதிப்பேருக்குத் தெரியாது.

குரங்குத் தொப்பியும் மப்ளருமாக ஒருவர் மைதானத்தின் பக்கவாட்டிலிருந்து வந்தார். பிளேன்டீ கொடுக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் போல, நேரே முன்னால் போய் நின்றார். அக்கா விடவில்லை, வரிசையில் வரச் சொன்னார். ஆள் குளிரில் நடுங்குவதைப் பார்த்ததும் மனம் இளகி, தனக்குப் பின்னாலேயே இடம் விட்டார். எந்தத் தோட்டம் என்று விசாரித்தார். பிறகு, நிற்கிற நேரத்துக்குப் பேச்சுத் துணையாக, சுதா கதை முழுவதையும் சொன்னார். அந்த ஆளும் உம் கொட்டிக்கொண்டே கேட்டார். அதற்குள் மேனேஜர் அலறிக்கொண்டு ஓடி வந்து அவரை உள்ளே இழுத்துப் போனார். இழுத்த இழுப்பில் தொப்பி கழன்றது. பாடகர்! வரிசை கலைந்து எல்லோரும் பாய, பொலிஸ் வந்து வழியை அடைத்துவிட்டது. புஷ்பம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நல்லவேள தம்பி, அவர்தான்னு தெரிஞ்சிருந்தா எனக்கு ஒரு வார்த்த வந்திருக்காது!"

மறுபடியும் ஹட்டன்

அடுத்த முறை அவர் ஹட்டனுக்குப் பாட வந்தபோது, மேனேஜரே படங்கை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, வரிசையில் இடம் கொடுத்த டயகம அக்கா வந்திருக்கிறாரா என்று கேட்டார். பாடகர் கேட்கச் சொன்னாராம். அக்கா, சுதாவின் சித்தியுடைய போனோடு தயாராக நின்றார். தனியாகப் போகப் பயந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனார். இத்தனை காலம் நான் காத்த கதவுக்குள் அன்றுதான் நான் கால் வைத்தேன். பெரிய அதிசயம் என்று பார்த்தால், உட்கார இரண்டு பிளாஸ்டிக் கதிரை, ஒரு பிளாஸ்க், காயப்போட்ட காலுறை.

பாடகர் அந்தப் போனை வாங்கி சுதாவுக்கு வீடியோ கோல் எடுத்தார். அக்கா அவர் தோளுக்குப் பின்னால் பதுங்கினார். முகத்தில் முழிக்காதே என்று சொன்னவருக்குத் தன் முகத்தைக் காட்டப் பயம். சுதா எடுத்தாள். யாரோ ஒருவரின் சமையலறையில், தலையில் துணி கட்டியபடி நின்றாள். பாடகர் சிரித்து, "சுதா, நான் யாருன்னு தெரியுதா? அம்மா உங்களோட பேச ஆசப்படுறாங்க" என்றார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். வைத்துவிடுவாளோ என்று நானும் எட்டிப் பார்த்தேன். அவள் வைக்கவில்லை. தலையைச் சாய்த்துச் சாய்த்து எதையோ தேடினாள். பிறகு அழுகிற குரலில் சொன்னாள்: "அண்ணே, நீங்க கொஞ்சம் நகருங்க, பின்னால எங்கம்மா நிக்கிறாங்க."

பாடகரைப் பார்க்க வேண்டும், கொஞ்சம் நகருங்கள் என்று ஊரே என்னிடம் கெஞ்சுகிற இந்தத் தொழிலில், பாடகரையே நகரச் சொன்ன ரசிகை எனக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான்.