கம்பத்தைக் கடக்கும் ரயில்

எனக்கும் என் நாத்தனாருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. மும்பை தாராவியில் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இருவரும் ரயில்வே வேலைக்கான தேர்வுக்குப் படித்தோம். நான் தமிழில் படித்தவள். அவள் இங்கிலீஷ் மீடியம். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். கையில் இருந்ததோ தமிழ்ப் புத்தகம். அதனால் கணக்கை நான் உரக்க வாசிப்பேன், அவள் போடுவாள்.

ஒரு நாள் வாசித்தேன்: "180 மீட்டர் நீளமுள்ள ரயில் ஒரு கம்பத்தை 9 விநாடிகளில் கடக்கிறது. ரயிலின் வேகம் என்ன?"

"தூரமே குடுக்கலியே மைனி" என்றாள். "கம்பம் ஒரே எடத்துலதான நிக்கி?"

எனக்கும் புரியவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, பைகளுக்கு ஜிப் வைக்கும் என் வேலைக்கு உட்கார்ந்தேன். மெஷினை ஓட்டும்போது சட்டென்று கை நின்றது. ஊசி நகர்வதில்லை. ஜிப்பின் முனை ஊசியைத் தொட்டதிலிருந்து கடைசி முனை வெளியே வரும்வரை ஓடுவது ஜிப்பின் முழு நீளம். ரயிலும் அப்படித்தான்.

"ஏட்டி, ரயிலோட நீளந்தான் தூரம்!"

அவள் ஓடிவந்து ஊசியையும் ஜிப்பையும் பார்த்தாள். "அரே! அவ்வளவுதானா?" நூற்றெண்பதை ஒன்பதால் வகுத்தாள். நொடிக்கு இருபது மீட்டர், மணிக்கு எழுபத்திரண்டு கிலோமீட்டர். விடைப் பக்கத்திலும் அதுவே இருந்தது.

அவளுக்கு அது போதவில்லை. "நெசமான ரயிலுக்கும் வருமா மைனி?"

ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளம்பினோம். பன்னிரண்டு பெட்டி லோக்கல் சுமார் இருநூற்றைம்பது மீட்டர் என்று போனில் தேடி வைத்திருந்தாள். அவள் குர்லாவில் பாஸ்ட் லோக்கல் ஏறி, வேகம் காட்டும் ஆப்பைப் பார்த்தபடி தாதர்வரை வர வேண்டும். அந்த வண்டி நிற்காத மாட்டுங்காவில் நான் ஒரு கம்பத்துக்கு நேராக நின்று போன் ஸ்டாப்வாட்சில் நேரம் எடுக்க வேண்டும்.

முதல் தடவை வண்டியின் ஹார்ன் சத்தத்தில் பதறி, பொத்தானைத் தாமதமாக அழுத்திவிட்டேன். அவள் போனில் முனகிக்கொண்டே தாதரிலிருந்து குர்லாவுக்குத் திரும்பிப் போனாள். இரண்டாவது தடவை கண்ணைக் கம்பத்திலிருந்து எடுக்கவில்லை. வண்டியின் முகப்பு தாண்டியதும் அழுத்தினேன். பெட்டி பெட்டியாக, வாசலில் தொங்குகிறவர்களின் சட்டைகள் படபடக்க, என் முகத்தில் காற்றடிக்கப் போனது. கடைசிப் பெட்டி தாண்டியதும் நிறுத்தினேன். பதினைந்து விநாடி. நடைமேடையிலேயே கணக்குப் போட்டேன். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வந்தது.

தாதரில் இறங்கி அவள் போன் செய்தாள்.

"எவ்வளவு மைனி?"

"நீ மொதல்ல சொல்லு."

"அம்பத்தொம்பதுலேருந்து அறுபது."

நொடிக்குப் பதினாறு மீட்டருக்கும் மேல். எங்கள் வீட்டின் அகலம் மூன்று மீட்டர். ஒரு நொடியில் எங்கள் சந்தின் ஐந்து வீடுகளைத் தாண்டும் வேகம். பிறந்ததிலிருந்து இந்த ரயில்களில்தான் போய்வருகிறேன். இத்தனை வேகத்தில் என்னைத் தூக்கிக்கொண்டு போனதை அன்றுதான் அறிந்தேன். அதைக் கண்டுபிடிக்க ஒரு போனும் ஒரு வகுத்தலும் போதுமாக இருந்தன.

"மைனி, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் ட்டி. அடுத்த வண்டி வருது, இரு."

தேர்வில் இரண்டு ரயில் கணக்குகள் வந்தன. இருவரும் சரியாகப் போட்டோம். அவள் தேறினாள். எனக்குப் பொது அறிவில் மதிப்பெண் குறைந்தது. மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன்.