அரை மீசையும் ஒரு காதும்

மெல்பேர்னில் இருக்கும் மகனின் பிள்ளைக்கு முதலாவது பிறந்தநாள். வவுணதீவு வயல் வட்டையில் விளைந்த நெல்லை விற்றுக் கையில் வந்த காசு ஒரு டிக்கெட்டுக்குத்தான் காணும். நானா மனைவியா என்று இரண்டு நாள் வழக்கு நடந்தது. கடைசியில் மண்டூர்க் கந்தனை நினைத்துச் சீட்டுப் போட்டோம். துண்டுகளை எழுதி மடித்தவன் நான். அவள் கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். ‘அப்பப்பா’ என்றிருந்தது; பேரனுக்கு அப்பப்பா நான்தான். இரண்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன் என்பதைக் கந்தனும் நானும் மட்டுமே அறிவோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குக் கந்தன் விமான நிலையத்தில் பதில் சொன்னான்.

வரிசையில் நின்று கவுண்டருக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்த பெண் கணினியைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

“அங்கிள், சீட் முடிஞ்சுது. நாளைக்குப் போகலாம்.”

“டிக்கெட் கையில கிடக்கே புள்ள?”

“டிக்கெட் கூடுதலா வித்திட்டாங்க அங்கிள்.”

“அப்ப நிண்டுகொண்டாவது வாறன். மட்டக்களப்பு பஸ்ஸில நிண்டு பழகின ஆள்தான் நான்.”

அவள் சிரித்தாள். ஆனாலும் ஏற்றவில்லை. மறுநாள் பறந்து மெல்பேர்னில் இறங்கியபோது பலூன்கள் சுருங்கிவிட்டன. குளிர்சாதனப் பெட்டியில் எனக்கென்று ஒரு துண்டு கேக் கல்லாகிக் கிடந்தது. பேரன் என்னைப் பார்த்து வீறிட்டு அழுதான். மீசைதான் காரணம் என்றார்கள்.

மகன்தான் சொன்னான், டிக்கெட் இருந்தும் ஏற்றாமல் விட்டால் விமானக் கம்பனி நட்டஈடு தரவேண்டும் என்று. அது கிடைத்தால் மனைவியும் போய்ப் பேரனைப் பார்க்கலாம். எனக்கு ஒரே உற்சாகம். கள்ளச் சீட்டின் பாவத்தையும் அதோடு கழுவிவிடலாம்.

ஊர் திரும்பி ஆறு பக்கத்தில் கடிதம் எழுதினேன். இரண்டாம் பக்கத்தில்தான் விமான நிலையத்துக்கே வந்து சேர்ந்தேன். கம்பனி இரண்டே வரியில் பதில் போட்டது: கவுண்டர் மூடிய பிறகுதான் நான் வந்தேனாம்.

வாசித்ததும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. என் நேர ஒழுங்கு அப்படி. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தி முடிந்து இலை எடுக்கும்போதுதான் போய்ச் சேருவேன்.

“பிந்தித்தான் போனனோ தெரியா,” என்றேன்.

மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன கதை இது? இஞ்ச பாருங்க!” என்று தன் போனைத் தூக்கி வந்தாள்.

ஒவ்வொரு இடத்திலும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி அன்றைக்கு அவள் என்னை வாட்டியெடுத்திருந்தாள். இது கவுண்டர் வரிசையில் நின்று எடுக்கத் தெரியாமல் எடுத்த படம். என் முகத்தில் ஒரு காதும் அரை மீசையும்தான் விழுந்திருந்தன. மிச்சம் முழுவதும் கவுண்டரின் மேலிருந்த திரை: விமான இலக்கம், நேரம், ‘திறந்திருக்கிறது’ என்ற அறிவிப்பு. மூடுவதற்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. நான் என் போனில் எப்போதோ அழித்துவிட்டேன். அவள் அந்த அரை மீசையைக்கூட அழிக்காமல் வைத்திருந்தாள்.

படத்தோடு இரண்டாவது கடிதம் போனது. இந்தமுறை அரைப் பக்கம். மூன்று கிழமைக்குப் பிறகு மன்னிப்போடு பதில் வந்தது. காசாகவும் எடுக்கலாம், போய்வரும் டிக்கெட்டாகவும் எடுக்கலாம், குடும்பத்தில் யார் பெயருக்கும் மாற்றலாம்.

டிக்கெட்டையே கேட்டுப் படிவத்தை நிரப்பும்போது, பெயர் எழுதும் இடத்தில் என் விரல் நின்றுவிட்டது.

“இஞ்ச, ஒண்டு சொல்ல வேணும். அந்தச் சீட்டு ரெண்டிலயும்...”

“தெரியும்.”

“எப்பிடி?”

“மற்றத் துண்டு உங்கட சேட் பையில கிடந்தது. தோய்க்கக்குள்ள எடுத்தன்.”

“அண்டைக்கே கேட்டிருக்கலாமே!”

“கேட்டா நீங்க போகமாட்டீங்க. பேரனுக்காகக் கள்ளச் சீட்டுப் போட்ட மனுசன், போய்ப் பாத்திற்று வரட்டும் எண்டு விட்டன். ஆனா ஒரு நாள் பிந்திப் போகட்டும் எண்டு கந்தனிட்டச் சொன்னது நான்தான்,” என்றாள்.

இப்போது அவளுடைய கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். அலுமாரியில் புதுச் சேலை ஒன்று மடித்துத் தயாராக இருக்கிறது.

“நானும் ஒவ்வொரு இடத்திலயும் படம் எடுத்து அனுப்புவன்,” என்கிறாள். “முழு முகத்தோட.”