காக்காப்பொன் மலைக்குள் மச்சாள்

சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, இடுப்பில் மாட்டுக் கயிற்றை இறுக்கிக்கொண்டு, மலையடிவாரத்தில் இருந்த அந்தக் கரிய துவாரத்தின் முன்னால் மச்சாள் நின்ற காலை இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மச்சாள் என் கணவரின் அக்கா. உயரமானவர், உரத்த குரல்காரி. சிறுவயதிலிருந்தே தகப்பனோடு சேர்ந்து ஊர்க் கிணறுகளுக்குள் இறங்கிச் சேறு அள்ளியவர். பெண்பிள்ளை கிணற்றில் இறங்குவதா என்று ஊரில் கதைத்தவர்கள் எல்லாரும் அவர் இறைத்துக் கொடுத்த தண்ணீரைக் குடித்தவர்கள்தான்.

போர் எங்களை இரண்டாம் முறையாகக் கிளப்பிய வருடம் அது. உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே எங்கள் வயல்வட்டையில் நெல் வேளாண்மை வெட்டி முடிவதற்குள் ஷெல் விழத் தொடங்கியது. என் கணவர் வாவிக்கு அப்பால் பட்டினத்தில் அகப்பட்டுக்கொண்டார். கைக்குழந்தையோடு நான் மச்சாளைப் பிடித்துக்கொண்டேன். வழியெல்லாம் அடைபட்டுப் போக, சில குடும்பங்களாக மேற்கே காட்டுக்குள் நடந்து, மலையோரம் ஓடிய சிற்றாற்றங்கரையில் கொட்டில் போட்டோம். சில வாரம் நன்றாகத்தான் போனது. பிறகு நிலத்தைக் காயவைக்கும் கச்சான் காற்று எழுந்தது. ஆற்றுமணலில் நாங்கள் தோண்டிய ஊற்று முதலில் கலங்கியது, பிறகு வெறும் ஈரமண் ஆனது. எனக்குப் பால் வற்றியது. குழந்தைக்கு அழவும் பெலன் இல்லை.

ஊரில் வயல்களுக்கு நீர் பங்கிட்ட வட்டவிதானையார்தான் காட்டிலும் எங்களுக்குப் பெரியவர். விடிந்ததும் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் குளத்துக்கு நடப்போம், சுட்டால் சுடட்டும் என்றார் அவர். முந்திய கிழமை அப்படிப் போன இருவர் திரும்பி வரவில்லை. அப்போதுதான் மச்சாள் எழுந்தார்.

“சாகிறதுக்கு என்ன அவசரம்? இந்த மலையில வெள்ளக்காரன் காக்காப்பொன் தோண்டின சுரங்கம் இருக்கெண்டு அப்பா வேட்டைக்கு வந்து போற காலத்தில சொல்லுவார். அவன் ஏன் விட்டுட்டுப் போனவன்? தண்ணி ஊறி, இறைச்சு முடிக்க ஒண்ணாம விட்டுட்டுப் போனவன். அவனுக்கு வேணாத தண்ணி நமக்கு வேணும்.”

“கரடி கிடக்கிற பொந்து அது. பொம்பிளைகள் போற இடமா?” என்றார் வட்டவிதானையார்.

“ஆம்பிளைகள் போறதெண்டாப் போங்க. நான் மறிக்கல்ல.”

யாரும் எழும்பவில்லை. விடிந்ததும் குழந்தையைப் பக்கத்துக் கொட்டிலில் கொடுத்துவிட்டு நான்தான் கூடப் போனேன். முட்பற்றைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்த வாயைக் கண்டுபிடித்தோம். உக்கிய மரத்தூண் இரண்டு, துருவேறிய தண்டவாளத் துண்டொன்று, கால்பட்ட இடமெல்லாம் கண்ணாடிச் செதிள்போல மின்னிய காக்காப்பொன், அதுதான் மைக்கா. மச்சாள் போத்தல் விளக்கை ஒரு தடியில் கட்டி முன்னால் நீட்டியபடி நடந்தார். சரிந்து இறங்கிய சுரங்கத்தில் கொஞ்சத் தூரம் போனதும் சுடர் சுருங்கி, நீலமாகி, அணைந்தது. “கிறுகு புள்ள! காத்து கெட்டுக் கிடக்கு!” என்று என்னைப் பின்னால் தள்ளினார். வெளியே வந்து விழுந்தபோது எனக்குத் தலை சுற்றியது.

செய்தி கேட்டு வந்தவர்கள் எல்லாரும் இனிப் போதும் என்றார்கள். மச்சாள் அசையவில்லை. உள்ளே வௌவால் எச்சம் கிடந்ததே, ஆனால் இந்த வாயில் ஒன்றையும் காணவில்லையே என்று முணுமுணுத்துக்கொண்டு அங்கேயே குந்தியிருந்தார். பொழுது சாயும் நேரம், தலைக்கு மேலே மலைச்சரிவின் பாறையிடுக்கிலிருந்து வௌவால்கள் புகைபோல எழுந்தன. மச்சாள் துள்ளி எழுந்து கத்தினார்: “மேல இன்னொரு வாய் இருக்குகா!”

மறுநாள் கோடாலியோடு முதலில் வந்தவர் வட்டவிதானையார். அவருக்குப் பின்னால் எல்லா ஆண்களும் வந்தார்கள். மேலேயிருந்த இடுக்கை மூடிய வேரையும் மண்ணையும் வெட்டி எறிய எறிய, கீழே சுரங்க வாயில் நின்ற எங்கள் முகத்தில் குளிர்ந்த காற்று வந்து மோதியது. அழுகல் வாடைதான். ஆனாலும் காற்று. விளக்கின் சுடர் சாய்ந்தது, அணையவில்லை.

கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி நானும் உள்ளே போனேன். முதல் நாள் திரும்பிய இடத்தைத் தாண்டினோம். சொட்டுச் சொட்டாக ஒரு சத்தம் கேட்டது. பிறகு என் பாதம் சில்லிட்டது. மச்சாள் விளக்கைத் தாழ்த்தினார். எங்களுக்கு முன்னால் சுரங்கம் முழுவதும் தண்ணீர். அடியில் கிடந்த காக்காப்பொன் வரை தெரிகிற தெளிந்த தண்ணீர். அவர் ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பினார். மறுபடியும் அள்ளி விழுங்கினார். “உப்பில்ல புள்ள, கயர்ப்பும் இல்ல,” என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். நான் அழுதேன். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்த மச்சாளின் தலைமயிர், புருவம், தோள் எல்லாம் காக்காப்பொன் தூள் ஒட்டி வெயிலில் மின்னியது. சனங்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். “என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? குடத்தக் கொண்டாங்க!” என்று அதட்டினார் மச்சாள்.

முதல் குடம் கைமாறி வெளிச்சத்துக்கு வந்தபோது ஒரு கிழவி குரவை போட்டாள். ஹெலிகொப்டருக்குப் பயந்து வாரக்கணக்காக இரகசியக் குரலில் பேசிய பெண்கள் எல்லாரும் சேர்ந்து குரவையிட, மலை திருப்பிக் குரல் கொடுத்தது. வட்டவிதானையார் தடுப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் தோள்துண்டால் கண்ணைத் துடைத்துவிட்டு, “போடுங்க, இன்னொருக்காப் போடுங்க,” என்றார். அன்று பின்னேரம் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைச் சிரட்டையில் குடித்துவிட்டு என் மகள் ஊரே கேட்க அழுதாள்.

இப்போது நானும் கணவரும் மகளும் கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருக்கிறோம். வீட்டுக்குள்ளேயே குழாய் வந்துவிட்டது. அந்த வருடங்களைப் பற்றிக் கேட்பவர்களிடம் இழந்தவர்களின் பெயர்களைத்தான் முதலில் சொல்கிறேன். அந்த முதல் இடம் அவர்களுக்கு உரியது. அதன் பிறகு இதையும் சொல்கிறேன்: சுரங்கத்துத் தண்ணீரைக் குடிக்கத் தொடங்கிய பிறகு அந்தக் காட்டில் எங்களில் ஒருவரும் சாகவில்லை. நெருப்பு மூட்டி அந்தத் தண்ணீரைக் காய்ச்சித்தான் அங்கே ஒரு பிரசவமும் பார்த்தோம். மாரி மழை தொடங்கி வழி திறந்தபோது, பிறந்த பிள்ளையைக் கையில் ஏந்தி மச்சாள் முன்னால் நடந்தார். மலையடியை விட்டுப் புறப்பட்ட நாங்கள், தண்ணீரைக் கண்ட அன்று இருந்ததைவிட ஓர் உயிர் கூடுதலாக ஊர் திரும்பினோம்.