பொங்கலும் லொறி ஹீற்றரும்

ஒஸ்லோவில் கடைகளுக்குப் பாண் விநியோகிக்கும் வேலையை எடுத்த வருடம் ஒரு பழைய டீசல் லொறி வாங்கினேன். இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. சின்ன லொறிதான். ஆனால் ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் மாடிக்கட்டடத்தின் முன்னால், கார்களுக்கு நடுவே நிற்கும்போது பெரிதாகத்தான் தெரிந்தது. அதன் முன்பக்கக் கம்பிவலைக்குக் கீழே ஒரு வயரும் நுனியில் ஒரு பிளக்கும் தொங்கின. லொறியை முன்பு வைத்திருந்தவர் மரக்கறி வியாபாரி. குளிர்ப்பெட்டி ஏதும் பூட்டியிருந்து, கழற்றும்போது வயரை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். பார்க்க வடிவில்லை என்று அதைச் சுருட்டி, கறுப்பு ரேப் சுற்றி உள்ளே செருகினேன். மனைவி பால்கனியில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கடை லொறி கரண்டிலையும் ஓடுமோ?"

"இல்லையப்பா, அது சும்மா கிடக்கிற வயர்."

டிசம்பரில் ஒரு நாள் குளிர் பூச்சியத்துக்குக் கீழே இருபதுக்குப் போனது. காலையில் சாவியைத் திருப்பினேன். லொறி ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது. திரும்பத் திரும்ப முயன்றதில் முனகலும் நின்றது.

தரைத்தளத்தில் தனியாக இருந்த நோர்வேக்காரப் பெண்மணி சமையலறை ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயது இருக்கும். வட நோர்வேயில் இருபது வருடம் மீன் லொறி ஓட்டியவர் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவருடைய வடக்குப் பேச்சில் பாதிதான் எனக்கு விளங்கும். இரவு உடுப்புக்கு மேல் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். எதுவும் கேட்காமல் லொறியின் முன்னால் முழங்காலில் குனிந்து, உள்ளே கையை விட்டு, என் வயரை இழுத்தெடுத்தார்.

"இது மோட்டர்வாமர். எஞ்சினைச் சூடாக்குவதற்கு. இரண்டு மணித்தியாலம் கரண்ட் கொடுத்தால் லொறி ஓடும்" என்றார். பிறகு கறுப்பு ரேப்பை உரித்துக்கொண்டே, "எந்த மடையன் இதை இப்படிக் கட்டிவைத்தான்?" என்று கேட்டார். அந்த வாக்கியம் மட்டும் எனக்கு முழுதாக விளங்கியது.

"முந்தி வைத்திருந்தவர்" என்றேன்.

அன்றிலிருந்து எங்கள் முதலாம் மாடிப் பால்கனியிலிருந்து லொறிக்கு ஒரு நீளமான வயர் இறங்கியது. வயர் கிடந்ததால் பால்கனிக் கதவு முழுதாகச் சாத்தாது. இடைவெளியில் பழைய துவாயைச் செருகினோம், ஆனாலும் குளிர் வழி கண்டுபிடித்து வந்தது.

"லொறி சூடா இருக்கு. நாங்கள்தான் ஜக்கெற்றோடை இருந்து சாப்பிடுறம்" என்றாள் மனைவி.

எட்டு வயது மகள் பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் ஒன்று வரைந்திருந்தாள். அதில் நானும் மனைவியும் ஓரமாகச் சின்னதாக நின்றோம். நடுவில் வீடும் லொறியும். இரண்டையும் ஒரு தடித்த சிவப்புக் கோடு இணைத்திருந்தது. ஆசிரியை என்னிடம் அந்தக் கோடு என்னவென்று கேட்டார். விளக்க எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது.

ஜனவரியில் பொங்கல் வந்தது. ரொம்மனில் ஒரு மண்டபம் எடுத்துத் தமிழ்ப் பிள்ளைகளின் பொங்கல் விழா வைத்தார்கள். நூற்றைம்பது பேருக்குச் சர்க்கரைப் பொங்கலும் வடையும் எங்கள் வீட்டிலிருந்து வரும் என்று மனைவி கூட்டத்தில் ஒத்துக்கொண்டுவிட்டாள். உதவிக்கு என்று ஸ்தவாங்கரிலிருந்து அவளுடைய அண்ணன் வந்தார். எண்ணெய்க் கம்பனியில் பொறியியலாளர். முதல் நாள் சாப்பாட்டு மேசையில், குளிரில் டீசல் எப்படி மெழுகாகிறது என்பதை எனக்குக் கரண்டியால் படம் போட்டு விளக்கினார்.

விழா நாள் விடியவே எழுந்து ஹீற்றரைச் செருகிவிட்டுக் குளிக்கப் போனேன். ஒன்பது மணிக்கு இரண்டு பெரிய பானைகளையும் வடைப் பெட்டிகளையும் லொறியில் ஏற்றினோம். லிஃப்ற் பழுது. பானைகளைப் படியால் இறக்கியதில் எனக்கும் மச்சானுக்கும் மூச்சு வாங்கியது. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். லொறி டிசம்பரில் முனகிய அதே முனகலை முனகியது.

"மெழுகாத்தான் இருக்கும்" என்றார் மச்சான்.

"விடிய எழும்பிக் கரண்ட் குடுத்தனான்."

எஞ்சினைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. வயரைச் சரிபார்க்க மாடிக்குப் போனேன். அதன் மறுமுனை பால்கனிக் கதவடியில் அநாதையாகக் கிடந்தது. அது இருக்கவேண்டிய துவாரத்தில் உளுந்து அரைக்கிற கிரைண்டர் செருகியிருந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் சேர்ந்து, பின்னால் வந்து நின்ற அண்ணனைப் பார்த்தோம்.

"நீங்கள் குளிக்கேக்கை பியூஸ் போட்டுது" என்றார் அவர். "மாத்திப்போட்டு, திரும்பவும் போகாமல் இருக்க, தேவையில்லாத வயர் ஒண்டைக் கழட்டினனான்."

"எது அண்ணை தேவையில்லாதது?" என்றாள் மனைவி.

"பால்கனிப் பக்கம் போனபடியால், நத்தார் லைற் வயர் எண்டெல்லோ நினைச்சன். ஜனவரியிலை என்னத்துக்கு நத்தார் லைற் எண்டு..." முதல் நாள் வகுப்பெடுத்த கரண்டி மேசையில்தான் கிடந்தது.

பானைகள் எந்தக் காருக்குள்ளும் நிமிர்ந்து நிற்காது. எங்கள் வீட்டுக் கரண்டை நம்பவும் பயமாக இருந்தது. வயரைப் பால்கனியால் கீழே விட்டுவிட்டு, இறங்கிப்போய் நோர்வேக்காரம்மாவின் கதவைத் தட்டினேன். பாதி சொல்லும்போதே அவர் தன் சமையலறை ஜன்னலைத் திறந்து வயரை இழுத்துத் தன் சுவரில் செருகிவிட்டார்.

"இனிச் சாவியைத் தொடாதே, பற்றரி செத்துவிடும்" என்று என்னை எச்சரித்தார். பிறகு மச்சானைக் காட்டி, "இவர் யார்?" என்றார்.

"எண்ணெய்க் கம்பனிப் பொறியியலாளர்."

அவர் மச்சானைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

பானைகளைத் திரும்ப மேலே தூக்க ஒருவருக்கும் தெம்பில்லை. அவை லொறியிலேயே இருக்க, நாங்கள் அவருடைய சமையலறையில் கோப்பி குடித்தோம். அவர் எங்கள் வடையைச் சாப்பிட்டார். ஆறாவது வடையில் மீன் லொறிக் கதைகளைத் தொடங்கினார். உறைந்த எஞ்சினுக்குக் கீழே நிலக்கரி வாளி வைத்துச் சூடாக்கிய கதையை மச்சான் மிகுந்த பணிவோடு கேட்டார். இடையில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

பதினொன்றரைக்கு லொறி முதல் திருப்பிலேயே கிளம்பியது. நோர்வேக்காரம்மாவும் கோட்டைப் போட்டுக்கொண்டு முன் இருக்கையில் ஏறினார். ஒருவரும் அழைக்கவில்லை, ஆனால் ஏன் என்று கேட்கவும் ஒருவருக்கும் தோன்றவில்லை. மனைவியும் மகளும் மச்சானும் பஸ்ஸில் வந்தார்கள்.

மண்டபத்தில் போய் இறங்கினோம். உள்ளே விழாத் தலைவர் இன்னும் உரையாற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டரை மணித்தியாலம் பிந்தியதை ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. எங்களைக் கண்டதும் அவர் உரையை முடித்தார். அன்றைக்கு அதிகமாகக் கைதட்டல் வாங்கியது நாங்கள்தான்.

ஆனால் மூடியைத் திறந்தபோது பொங்கல் குளிரில் கல்லாய் இறுகிக் கிடந்தது. அகப்பை போகவில்லை. மனைவிக்குக் கண் கலங்கியது. நோர்வேக்காரம்மா மண்டபச் சமையலறைக்குள் புகுந்து ஒரு நீளக் கத்தியோடு வந்தார். பானையை ஒரு தட்டில் கவிழ்த்து, கேக் போலச் சதுரம் சதுரமாக வெட்டத் தொடங்கினார். வழக்கமாகப் பொங்கலைக் கண்டால் முகத்தைத் திருப்பும் பிள்ளைகள் வரிசையில் வந்து நின்றார்கள். என் மகள் இரண்டாம் தரமும் தட்டை நீட்டினாள்.

"அம்மா, அடுத்த வருசமும் இந்தப் பொங்கல் கேக்தான் செய்யவேணும்."

"எப்பிடிச் செய்தது எண்டு மாமாவைக் கேள்" என்றாள் மனைவி.