குப்பைக்குப் போன பதினேழு கடிதங்கள்

என் சித்தி ஒரு பம்ப் கம்பெனியின் ஸ்டோர் ரூமைப் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொள்கிறார். வேலைதான் நிரந்தரம், ஆள் இன்னும் ஒப்பந்தம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.

மின்னஞ்சல் சேவைக்கு வாடகை கட்ட முதலாளிக்கு மனம் வரவில்லை. "பழைய கம்ப்யூட்டரை வச்சு நாமளே ஒண்ணு பண்ண முடியாதாம்மா?" என்று சித்தியிடம் கேட்டார்.

"முடியும் சார்."

"ஓட வச்சுக் காட்டு. உன்னை நிரந்தரம் பண்றேன்."

சித்தி கணினி படித்தவர் இல்லை. பழுதாகி ஸ்டோருக்கு வந்தவற்றைப் பிரித்துப் பிரித்தே கற்றுக்கொண்டவர். மூன்று செத்த கணினிகளிலிருந்து கடிதம் அனுப்பி வாங்கும் ஒரு சர்வரை எழுப்பினார். மெமரியின் பற்களை என் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தார். ஹார்டு டிஸ்க், கண்காணிப்புக் கேமராவின் பெட்டியிலிருந்து வந்தது. பட்டன் பேட்டரியை எடைத் தராசு கொடுத்தது. பக்கவாட்டு மூடி கிடைக்காததால் சூடு தணிய டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தார்.

"மூணு பொணத்துக்கும் சேர்த்து ஒரே உசுரா?" என்று கேலி செய்தார் கணக்கர்.

"உங்களை விட நல்லா மூச்சு விடுது சார். காதை வச்சுக் கேளுங்க."

அலுவலகத்துக்குள் எல்லாக் கடிதமும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. வெளியே போகிறதா என்று பார்க்க எனக்கு ஒன்று அனுப்பிவிட்டு, உடனே போன் செய்தார்.

"வந்துச்சாடி?"

தேடினேன். வேண்டாத கடிதங்கள் விழும் குப்பைப் பெட்டியில், லாட்டரி விளம்பரங்களுக்கு நடுவில் கிடந்தது. எடுத்து வெளியே வைத்தேன்.

"வந்துடுச்சு சித்தி!"

அவர் சிரித்த சிரிப்பில், எங்கே கிடந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது பெரிய விஷயம் என்றும் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து, பழைய வாடிக்கையாளர் ஒருவர் முதலாளிக்குப் போன் செய்து கத்தினார். "விலை கேட்டா பதில் போடக்கூட உங்களுக்கு மரியாதை இல்லையா?" பம்பை அவர் வேறு இடத்தில் வாங்கிவிட்டார். விசாரித்தால், விலை சொல்லி அனுப்பிய பதினேழு கடிதங்களும் வாடிக்கையாளர்களின் குப்பைப் பெட்டியில்.

"வெளியில அனுப்பிப் பாத்தியா இல்லையா?" என்று சித்தியைக் கேட்டார் முதலாளி.

"பாத்தேன் சார். என் அக்கா பொண்ணுக்குப் போச்சு."

"அக்கா பொண்ணா நம்மகிட்ட பம்ப் வாங்கப்போறா?"

அன்று வீட்டுக்கு வந்த சித்தி தோள்பையைக்கூடக் கழற்றவில்லை.

"அன்னிக்கு எங்க வந்துச்சு?"

"குப்பையில."

"வந்துடுச்சுன்னு சொன்னியே."

"வந்துச்சே சித்தி" என்றேன். சொன்ன பிறகுதான் அதன் அற்பத்தனம் எனக்கே உறைத்தது.

பிறகு படித்துப் பார்த்தேன். அறிமுகமில்லாத சர்வரிலிருந்து வரும் கடிதங்களைப் பெரிய சேவைகள் சந்தேகப்படுமாம். இந்த சர்வர் எங்களுடையதுதான் என்று கம்பெனியின் இணைய முகவரிப் பதிவில் சில வரிகள் சேர்த்தால் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடுமாம். அரை நாள் வேலை. நான் அன்றே சொல்லியிருந்தால் சித்தி செய்து முடித்திருப்பார். அதையும் அவரிடம் சொன்னேன்.

"இப்பவாவது எல்லாத்தையும் சொல்றியே" என்றார்.

முதலாளி வாடகைச் சேவைக்கே திரும்பினார். சர்வரைச் சித்தியே பிரித்தார். டிஸ்க், மெமரி, பேட்டரி எல்லாம் பழைய அலமாரிக்கே போயின. போன வாரம் இன்னொரு ஆறு மாதத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

இன்று காலை, "சித்தி, பஸ் வந்துடுச்சு" என்றேன்.

"எங்க?" என்று கேட்டார். ஜன்னலுக்கு வந்து, தானே எட்டிப் பார்த்த பிறகுதான் செருப்பை மாட்டினார்.