பென்சில் தொடாத முகம்

கண்ணமங்கலத்தில் போட்டோ பிடித்த ஆரோக்கியதாஸ் தங்கமான மனிதர். ஆனால் தொழிலில் அவர் சொன்ன பொய்களுக்கு அளவே கிடையாது. எல்லாம் பென்சிலால் சொன்ன பொய்கள். படம் பதிந்த கண்ணாடித் தட்டைக் கழுவிக் காயவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக நிரப்புவார். அச்சுப் போட்டால் மருவும் இருக்காது, அம்மைத் தழும்பும் இருக்காது. அம்மை தொடாத முகம் அந்தப் பக்கத்தில் குறைவு. பென்சிலுக்கு ஓய்வே இல்லை.

அந்தப் பென்சில் அதிகம் உழைத்தது அவருடைய ஒரே மகள் பிலோமினாளின் முகத்தில்தான். தாயில்லாப் பெண். பத்து வயதில் அம்மை வந்து பிழைத்தவள், கன்னமெல்லாம் குழி. அவளை ஒருவன் கையில் பிடித்துக் கொடுக்கவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு கவலை இல்லை. வழவழவென்று ஒரு படம் தயார் செய்து அனுப்புவார். அதில் மயங்கி மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள். நேரில் பார்த்ததும் முகம் தொங்கிப்போகும். மூன்றாவதாக வந்த கூட்டத்தில் ஒரு மாமன்காரர் வாய்விட்டே கேட்டுவிட்டார்: "படத்துல ஒரு பொண்ணு, வூட்ல ஒரு பொண்ணா?" அவர்கள் தொடாமல் வைத்துவிட்டுப் போன காப்பியை பிலோமினாள்தான் எடுத்துக் கொட்டினாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று, ஆடி மாதம். நாடகக்காரி வடிவு அம்மாள் கம்பெனியோடு கண்ணமங்கலத்தில் தங்கியிருந்தார். அவர் பாட்டைக் கேட்க ஆரணியிலிருந்து ஜனம் வண்டி கட்டிக்கொண்டு வரும். அப்பேர்ப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை காலையில் ஆரோக்கியதாஸ் வாசலில் வந்து நின்றார், படம் பிடிக்கவேண்டும் என்று. மேடைப் பூச்சு இல்லாத முகத்தில் அம்மைத் தழும்பு.

ஆரோக்கியதாஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொல்லையில் அரண்மனை வரைந்த திரையை இழுத்துக் கட்டினார். வடிவு அம்மாள் சிரித்துவிட்டார்.

"பின்னால அம்மாம் பெரிய ஜவ்வாது மலை நிக்குது. அத்த மறைச்சிட்டு இல்லாத அரண்மனையை இன்னாத்துக்கு மாட்டுறீங்க? கழட்டுங்க."

கழற்றினார். காமிரா மூடியை எடுத்துவிட்டு, "அருள் நிறைந்த மரியே" என்று உதட்டுக்குள் ஆரம்பித்தார். அதுதான் அவருக்குக் கடிகாரம். நல்ல வெயிலுக்குப் பாதி ஜெபம், மப்புக்கு முழு ஜெபம். மூடியைப் போட்டதும் வடிவு அம்மாள் கேட்டார்:

"இன்னா மந்திரம் போட்டீங்க?"

"மந்திரம் இல்லீங்கம்மா, ஜெபம். நேரம் கணக்கு பண்றதுக்கு."

"அப்டியே எனக்கும் சேத்து ஒண்ணு சொல்லிடுங்க."

வெள்ளிக்கிழமை படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் படத்தை வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. இடையில் மூன்று நாள், கற்ற வித்தையையெல்லாம் அந்தத் தட்டில் இறக்கினார் ஆரோக்கியதாஸ். தழும்பு ஒன்று பாக்கியில்லை.

வெள்ளிக்கிழமை வடிவு அம்மாள் படத்தை வாங்கிப் பார்த்தார். "யாருங்க இது?"

"நீங்கதாம்மா."

"நான் இல்ல. ஏழு வயசுல எனக்கு அம்மை போட்டுச்சி. கூடப் பொறந்த ரெண்டு பேரை எடுத்துக்கினு, ஆத்தா என்னை மட்டும் உட்டுட்டுப் போனா. அந்த உசுருக்காக அவ எதிர்ல வைக்கப்போற படம் இது. எந்த அடையாளத்தை வெச்சி அவ என்னைக் கண்டுபுடிப்பா?"

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட ஆரோக்கியதாஸ் தாங்கியிருப்பார். உள்ளே போய்ப் பஞ்சில் டர்பன்டைன் நனைத்துத் தட்டைத் துடைத்தார். மூன்று நாள் வேலை கறுப்பாகப் பஞ்சோடு வந்துவிட்டது. வெயிலில் வைத்துப் புதிதாக அச்சு எடுத்துக் கொடுத்தார். "இதான் நானு," என்றார் வடிவு அம்மாள். வண்டி ஏறப் போனவர் கதவோரம் நின்ற பிலோமினாளைப் பார்த்து அவள் கன்னத்தைத் தொட்டார். "நீயும் தப்பிச்சி வந்தவதானா?"

வண்டி தெருவைத் தாண்டுவதற்குள் பிலோமினாள் பெட்டியிலிருந்து தன்னுடைய தட்டை எடுத்து வந்து நீட்டினாள்.

"நைனா, இதையும் தொடச்சிடு."

"இருக்கிற மூஞ்சை அப்டியே அனுப்பினா யாரும்மா வருவாங்க?"

"வர்றவங்க வரட்டும். காப்பியைக் கொட்டிக் கொட்டி எனக்கு அலுத்துப்போச்சி."

துடைத்தார். படம் நாலு ஊருக்குப் போயிற்று. பொங்கல் வரை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வந்தாளே ஒரு மகராசி என்று ஆரோக்கியதாஸ் வடிவு அம்மாளை மனசுக்குள் திட்டாத நாள் இல்லை.

ஈஸ்டர் கழிந்து ஆலங்காயத்திலிருந்து தச்சு வேலைக்காரர் சகாயம் தன் தாயாரோடு வந்தார். பிலோமினாள் காப்பி கொண்டுவந்து நீட்டினாள். ஆரோக்கியதாஸால் பொறுக்க முடியவில்லை.

"தம்பி, பொண்ணை நல்லா பார்த்துக்குங்க. அப்பால எதுவும் சொல்லக்கூடாது."

சகாயம் காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"படத்துலயே பார்த்துட்டுத்தானே வந்தேங்க," என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் குடித்து, காலி டம்ளரை பிலோமினாள் கையில் கொடுத்தார்.

ஆரோக்கியதாஸ் எழுந்து ஜன்னல் பக்கம் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் வடிவு அம்மாளுக்கென்று ஒரு "அருள் நிறைந்த மரியே" சொன்னார், பாதியில் நிறுத்தாமல் முழுசாக. சாகிறவரைக்கும் அதை ஒருநாளும் விடவில்லை.