சும்மா இருக்கத் தெரியாத நாய்

மகள் சிட்னிக்குப் போன பிறகு எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அவளுக்கு வெஸ்ட்மீட்டில் மருத்துவமனை வேலை. அதே ஆண்டில்தான் மல்கிரேவில் நான் வேலை பார்த்த நிறுவனம் அலுவலகத்தை மூடிக்கொண்டு வேறு மாநிலத்துக்குப் போனது. மெல்பேர்னில், ரோவில் பக்கம், எங்கள் வீடு அப்படியொன்றும் பெரிதல்ல. ஆனாலும் காலை முழுக்க அறை அறையாக நடந்துகொண்டிருப்பேன். குசினியில் தேநீர் ஊற்றி வைப்பேன்; அதைக் குடிக்காமல் அலுமாரி அடுக்கப் போவேன்; பாதி அடுக்கியதும் செடிகளுக்குத் தண்ணீர் விட ஓடுவேன். கணவர் வேலையால் வரும்போது ஆறிப்போன தேநீர் ஒரு பக்கம், கட்டிலில் குவிந்த உடுப்பு ஒரு பக்கம் கிடக்கும்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டேன். "ஒரு நாய் எடுப்பமே?"

சோறு பிசைந்த கையை நிறுத்திவிட்டு அவர் என்னைப் பார்த்தார். "உமக்கென்ன விசரே?"

அவருக்கு நாயென்றால் பயம். தெருவில் யாராவது நாயோடு வந்தால் பேசிக்கொண்டே மறுபக்கத்துக்கு மாறிவிடுவார். சின்ன நாயாகப் பார்த்து எடுப்பதாகச் சொன்னேன். என் மனதிலும் அதுதான் இருந்தது.

ஆனால் காப்பகத்துக்குப் போனபோது நான் படத்தில் பார்த்து வைத்திருந்த வெள்ளைக் குட்டி நாயை வேறொரு குடும்பம் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது. திரும்பலாம் என்று நடந்தபோது கடைசிக் கூண்டில் தடதடவென்று சத்தம். என் இடுப்பளவு உயரத்தில் ஒரு நாய், கறுப்பும் மண்ணிறமுமாக, கூண்டின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடந்துகொண்டிருந்தது. திரும்பும் ஒவ்வொரு முறையும் வால் தகரத்தில் அடித்தது. மேய்ப்பு நாயும் வேறேதோ பெரிய இனமும் கலந்தவன் என்றாள் அங்கிருந்த பெண். இரண்டு குடும்பங்கள் எடுத்துப் போய்த் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்களாம். "இவனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது" என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னபோது என்னைத்தான் சொல்கிறாளோ என்று நினைத்தேன். சரிவராவிட்டால் சில வாரங்களுக்குள் திருப்பித் தரலாம் என்றாள். கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கணவர் கேட்டார். "இது நாயோ, கண்டுக்குட்டியோ?"

மகளுக்குப் படம் அனுப்பினேன். உடனே அழைத்தாள். "அம்மா, ஆர் யூ சீரியஸ்? அப்பா ஓக்கேயா?"

"ஓம், ஓம். பழகியிடுவார்" என்றேன்.

அவர் பழகவில்லை. நாய் முற்றத்தில் இருந்தால் அவர் உள்ளே, நாய் உள்ளே வந்தால் அவர் அறைக்குள். நாயோ ஒரு நிமிடம் ஓயவில்லை. கொடியில் காய்ந்த சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வளவைச் சுற்றி ஓடினான். மெல்பேர்ன் குளிரிலிருந்து காப்பாற்ற நான் ஒவ்வொரு குளிர்காலமும் வீட்டுக்குள் தூக்கி வைத்து வளர்த்த கறிவேப்பிலை மரத்தைத் தொட்டியோடு சாய்த்து, வேரை வாயில் கவ்விக்கொண்டு பெருமையாக வந்து நின்றான். நான் கத்தினால் விளையாட்டென்று நினைத்து இன்னும் துள்ளினான்.

நாய் பழக்கும் ஒருத்தியை வரவழைத்தேன். அவள் வந்து கொஞ்ச நேரம் என்னையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, நீ இதனோடு எத்தனை மொழியில் பேசுகிறாய் என்று கேட்டாள். அப்போதுதான் கவனித்தேன். "சிட்" என்பேன், கேட்காவிட்டால் "இரு" என்பேன், அதற்கும் அசையாவிட்டால் "இரடா, இரு ராசா, ஒருக்கா இரன்" என்று கெஞ்சுவேன். ஒரே சொல், ஒரே முறை, அதன்பின் காத்திரு என்றாள் அவள். அவனுக்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுக்கமுன் நான் காத்திருக்கவேண்டியிருந்தது. அதுதான் என்னால் முடியாத காரியம். அவன் உட்காருவதற்குள் என் கால் நகர்ந்துவிடும். நான் நகர்ந்தால் அவனும் எழுந்துவிடுவான்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பூங்காவில் புல்லில் மேய்ந்துகொண்டிருந்த கொக்கட்டூக் கிளிக் கூட்டத்தைக் கண்டு அவன் பாய்ந்தான். வார் என் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. முழங்காலும் உள்ளங்கையும் தேய நான் தரையில் இழுபட்டேன். வெள்ளைப் பறவைகள் எல்லாம் கத்திக்கொண்டு எழும்ப, அவன் வானத்தைப் பார்த்துக் குரைத்தான். வீட்டுக்கு வந்து மருந்து போட்டுக்கொண்டே கணவரிடம் சொன்னேன். "என்னாலை ஏலாது. நாளைக்குக் கொண்டுபோய் விடப்போறன்."

அவர் மருந்துப் போத்தலை மூடி வைத்தார். நல்லதாய்ப் போயிற்று என்றாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

மறுநாள் காலை சோபாத் தலையணை ஒன்று கிழிந்து பஞ்சு வீடெல்லாம் பறந்து கிடந்தது. கூட்டும் மெஷின் பஞ்சில் அடைத்து நின்றுவிட்டது. கையால் கூட்டலாமென்று கராஜில் கிடந்த நீளப்பிடித் தும்புத்தடியை எடுத்து வந்தேன். அவன் வந்த நாளிலிருந்து அதை நான் கையில் எடுத்ததில்லை.

பஞ்சைக் கடித்துக் குதறிக்கொண்டிருந்தவன் தலையை நிமிர்த்தினான். அப்படியே நின்றான். அந்த உடம்பு அசையாமல் நின்று நான் அதுவரை பார்த்ததே இல்லை. பிறகு வயிறு தரையில் பட மெல்லத் தாழ்ந்தான். நின்ற இடத்திலேயே மூத்திரம் போனது. ஊர்ந்து ஊர்ந்து போய், உடுப்புத் தோய்க்கும் அறையில் மெஷினுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த இடுக்குக்குள் தலையைச் செருகிக்கொண்டான். உடம்பு உள்ளே போகவில்லை. முதுகு மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"இஞ்சருங்கோ, ஓடி வாங்கோ! நாய்க்கு என்னவோ செய்யுது!" என்று கத்தினேன்.

அவர் வந்து அறை வாசலில் நின்றார். நாயைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

"அதைக் கீழை போடும்."

"நான் அடிக்கேல்லையப்பா. கூட்டத்தான் எடுத்தனான்."

"அடிக்கத் தேவையில்லை. கையிலை வைச்சுக்கொண்டு நிண்டாலே காணும்."

தும்புத்தடியை வெளியே கொண்டுபோய் எறிந்துவிட்டு வந்தேன். எங்கள் கல்யாணத்துக்கு முன்பு, கொழும்பில் தமிழரைத் தேடி நடந்த ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டு அவர் சில வாரங்கள் தடுப்புக்காவலில் இருந்தவர். அவருடைய தமக்கை சொல்லித்தான் எனக்கு அது தெரியும். அவராக ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அவர் நாயிலிருந்து கொஞ்சம் தள்ளி, வெறுந்தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவருக்கும் பயம்தான். கை இரண்டையும் மடிக்குள் இறுக்கி வைத்திருந்தார். நான் வாசலில் நின்றேன். என்ன செய்வதென்று தெரியாமல் போய்ப் பஞ்சைக் கையால் பொறுக்கினேன், வந்து பார்த்தேன், மறுபடி போனேன்.

நெடுநேரம் கழித்து நாய் தலையை வெளியே எடுத்தது. அவரைப் பார்த்தது. அவர் அசையவில்லை. அது மெல்ல வந்து அவர் காலடியில் படுத்து, தாடையை அவருடைய பாதத்தின்மேல் வைத்தது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"இவனைக் கொண்டுபோகவேண்டாம்" என்றார் கண்ணைத் திறக்காமலே.

"நீங்கள்தானே வேண்டாமெண்டு நிண்டனீங்கள்?"

"ஓம். இப்ப இவன் நிக்கட்டும்."

அதன்பிறகு பழக்கியது பெரும்பாலும் அவர்தான். அவருக்கு நாயோடு அதிகம் பேச வராது என்பதே வசதியாகப் போயிற்று. அவித்த கோழித் துண்டை உள்ளங்கையில் வைத்து, பயத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இரு" என்று ஒருமுறை சொல்வார். பிறகு வாய் திறக்கமாட்டார். அவன் துள்ளுவான், சுற்றுவான், குரைப்பான். அவர் அப்படியே நிற்பார். கடைசியில் அவன் பெருமூச்சோடு உட்காருவான். யன்னலுக்குள்ளால் பார்க்கும் எனக்குத்தான் பொறுமை போய்விடும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பறவையைக் கண்டால் இன்னும் இழுக்கிறான். விருந்தாளிகள் வந்தால் அவர்கள் செருப்பு முற்றத்துக்குப் போய்விடுகிறது. ஒருமுறை விடுமுறைக்கு வந்த மகளை வாசலிலேயே தள்ளி விழுத்தி, அவள் சிரித்து முடிக்கும்வரை எழும்ப விடவில்லை. "ஹீ இஸ் கிரேசி, அம்மா" என்றாள். நானும் காலையும் மாலையும் அவனோடு நடக்கிறேன். வந்து உட்கார்ந்தால் கால் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

இன்று காலையிலிருந்து மழை. இதை எழுத உட்கார்ந்து இரண்டு பந்தி எழுதுவதற்குள் நான் பலமுறை எழுந்துவிட்டேன். அவன் கதவுக்கும் என் கதிரைக்குமாக நடக்கிறான். மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை. முன்கதவடியில் கணவர் குனிந்து சப்பாத்துக் கட்டும் சத்தம் கேட்கிறது.

"வாரும்" என்கிறார். "நனைஞ்சால் நனைவம்."